மூடுவதற்கும் ஒரு கை

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. எந்தக் கதைதான் சொல்லிலிருந்து பிறக்கவில்லை, இதையெல்லாம் பெரிதாகச் சொல்ல வந்துவிட்டான் என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரே ஒரு சொல் என்றால் நிஜமாகவே ஒரே ஒரு சொல்தான். ‘மூடுவதற்கும்.’ அது மட்டும் ஒரு வாக்கியத்தின் நடுவில் போய் உட்காராமல் இருந்திருந்தால், ஒரு மனிதர் இந்நேரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு புது வேலைக்குப் போயிருப்பார். நானும் உங்கள் நேரத்தை வீணடிக்காமல் என் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

‘கத்தி சிறியது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கதை இல்லை, விளம்பரம்.

‘அன்று காலை பத்து மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது, அவருடைய வலது கையின்’ இல்லை, வேண்டாம். ரத்தத்தில் தொடங்கினால் நீங்கள் உடனே இரக்கப்பட்டுவிடுவீர்கள். இரக்கப்படுகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. எனக்குக் கேள்வி கேட்கிற ஆள் வேண்டும்.

‘குறிப்புக்காரர் ஒரு நாளைக்கு முப்பது பொருள்களைத் தொடாமலே தொட்டுப் பார்த்தார்.’

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

குறிப்புக்காரர் ஒரு நாளைக்கு முப்பது பொருள்களைத் தொடாமலே தொட்டுப் பார்த்தார். இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. ஒவ்வொரு பொருளின் படத்துக்குக் கீழேயும் ‘முதல் பார்வை’ என்று ஒரு சின்னக் குறிப்பு வரும், பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் அந்தப் பொருளைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நமக்காக மெனக்கெட்டுச் சொல்வதுபோல இருக்கும். அந்த நல்ல மனிதர் இவர்தான்.

இவர் கைக்கு எந்தப் பொருளும் வராது. செய்தவர்கள் அனுப்பும் விவரத்தாள் ஒன்று வரும், கூடவே நான்கு படங்கள். பொருள் எங்கோ ஒரு கிடங்கிலிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். தலையில் ஒரு முடிகூட இல்லாத குறிப்புக்காரர் சீப்புக்கு எழுதியிருக்கிறார். கல்யாணமே ஆகாதவர், குழந்தைத் தொட்டிலுக்கு எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ஒரு தாய் ‘கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது’ என்று பதில் போட்டிருந்தாள்.

எட்டு மேசைகள் போட்ட அறை. ஒரே ஒரு ஜன்னல், திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மேலாளர் ஒரு சின்ன வயதுப் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“படிக்கிறவங்களுக்கு இது உங்க கையில இருக்கிற மாதிரியே தோணணும் சார். அதுக்குத்தானே உங்கள மாதிரி கதை எழுதறவங்கள எடுத்திருக்கோம்!”

ஆமாம், கதை எழுதுகிறவர். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. முதலாவதை ஒருவரும் படிக்கவில்லை. இரண்டாவதை ஒரே ஒருவர் படித்தார், அவர் யார் என்பது பின்னால் வரும். இப்படிப்பட்டவர் சீப்புக்கும் தொட்டிலுக்கும் எழுதிப் பிழைக்கிறார் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் இல்லையா? சொந்தக்காரர்களிடம் மொழிபெயர்ப்பு வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத்துக்கு மேல், இருபத்திரண்டாவது பொருளாகக் கத்தி வந்தது. மடக்குக் கத்தி. குறிப்புக்காரர் பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்தார்:

‘கையில் எடுத்ததும் முதலில் தெரிவது இதன் அடக்கம். மடித்தால் ஆள்காட்டி விரல் நீளம்தான். முதுகுப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன நாக்கை விரலால் லேசாகத் தள்ளினால் போதும், மிச்சத்தை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். சடக்கென்று அலகு வெளியே வந்து நின்றுவிடும். திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரு கை போதும். சொன்ன பேச்சைக் கேட்கிற கத்தி.’

விவரத்தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு கையால் திறக்கலாம். மூடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. குறிப்புக்காரர் முதலில் ‘திறப்பதற்கு ஒரு கை போதும்’ என்றுதான் எழுதினார். வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். மொட்டையாக இருந்தது. ‘திறப்பதற்கும் மூடுவதற்கும்’ என்று போட்டதும் ஓசை வந்துவிட்டது. அவருக்குத் திருப்தி. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இருபத்து மூன்றாவது பொருளுக்குப் போனார்.

(பக்கக் குறிப்பு ஒன்று. அந்தக் கத்தி இப்போது என் மேசைமேல் இருக்கிறது, எப்படி வந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன். திறப்பதைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. மூடுவதுதான் சங்கதி. அலகு திறந்து நின்றதும் அதன் அடியில் ஒரு மெல்லிய தகடு வந்து பூட்டிக்கொள்கிறது. அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அலகை மடிக்க வேண்டும். பாதி தூரம் வரை ஸ்பிரிங் மல்லுக்கு நிற்கிறது. பாதியைத் தாண்டியதும் அப்படியே கட்சி மாறி, தானே சடாரென்று மூடிக்கொள்கிறது. கட்டைவிரல் அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? தகட்டின்மேல்தான். அதாவது அலகு வந்து விழுகிற வழியில்.)

3

குறிப்புக்காரருக்கு ஒரே தங்கை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டிப் பார்த்து, காதுப்பக்கம் வளைத்துச் சரிசெய்து கொடுப்பாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில், கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போய்விட்டன. மிஞ்சியது கட்டைவிரல் ஒன்று, அதுவும் வளையாது. அன்றிலிருந்து வீட்டில் இருந்தார். சட்டைப் பொத்தான் போடப் பழகினார். சாப்பிட, சவரம் செய்ய, ஸ்கூட்டரை விற்றுவிட்டு நடக்க, எல்லாம் பழகினார். பொட்டலம் பிரிப்பது மட்டும் வரவில்லை. மாத்திரை அட்டை, பால் பை, சோப்பு உறை, கூரியரில் வரும் பெட்டி, எதுவாக இருந்தாலும் ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை கிழிக்க வேண்டும். பல்லால் கடித்துப் பார்ப்பார். முடியாவிட்டால் மேசைமேல் வைத்துவிட்டு, மனைவி கடையிலிருந்து வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வருடம் ஒரு நல்ல செய்தி வந்தது. அவர் வேலை பார்த்த அதே கம்பெனி, கட்டுப்பாட்டு அறையில் ஒரு இடம் தருவதாகச் சொன்னது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அந்த அறைக்கு அழைப்பு வரும். ‘பயப்படாதீங்க, ஆள் அனுப்பிட்டேன், நான் லைன்லயே இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். ஒரு கையால் கம்ப்யூட்டரில் விவரம் பதிய வேண்டும். ஒரு கை போதும்.

இந்த மாப்பிள்ளையை எழுதும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. ரொம்ப நல்லவராகத் தெரிகிறாரே! இப்படி ஒருவர் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, குறையும் சொல்கிறேன். மகா பிடிவாதக்காரர். ஒரு நாள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் சுவரில் வீசியடித்தார். தங்கை துடைப்பத்தோடு வந்தபோது, “நான் சாப்பிட்டுக்கறேன், நீ போ” என்று தரையில் உட்கார்ந்து தூளைப் பொறுக்கித் தின்றார். இதை அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டு, சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள்.

இப்போது நம்புகிறீர்களா?

4

கத்தி வாங்கினார். யாரிடமும் கேட்காமல் அவரே பார்த்து, அவரே வரவழைத்தார்.

கத்தி வந்த பெட்டியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பசை டேப் ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்க அவரால் முடியவில்லை. கத்தி இருந்தால் பிரித்துவிடலாம், கத்தியோ பெட்டிக்குள் இருக்கிறது. சாயங்காலம் தங்கை வந்து கத்திரிக்கோலால் பிரித்துக் கொடுத்தாள். “நல்ல கூத்து” என்று இரண்டு பேரும் சிரித்தார்களாம். அந்த வீட்டில் வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அதுதான் என்று அவள் சொன்னாள்.

முதல் நாள் பதினோரு தடவை திறந்தார். சடக், சடக் என்று ஓயாமல் சத்தம். ஒவ்வொரு தடவையும் தங்கைதான் மூடிக் கொடுத்தாள். அவர் தானே மூடப் பார்த்தார், வரவில்லை.

“விடுங்களேன். நான்தான் இருக்கேன்ல, மூடிக் குடுக்கறேன்.”

“இல்ல, ஒரு கையால மூடலாம்னு போட்டிருக்கான். எனக்குத்தான் இன்னும் பழகல.”

மூன்று நாள் பழகினார். அலகின் முதுகைத் தொடையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். மேசை விளிம்பில் அமுக்கிப் பார்த்தார். பாதி தூரம்கூடப் போகவில்லை. எழுதியிருக்கிறதே, நடக்காமலா போகும் என்று விடாமல் பார்த்தார்.

நான்காம் நாள் காலை, தங்கை கடைக்குப் போன பிறகு, கூரியர்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். புது வேலைக்கான இரண்டு சட்டைகள். மாப்பிள்ளை பொட்டலத்தை மேசைமேல் வைத்தார், கத்தியைத் திறந்தார், நேராக ஒரு கீறு கீறினார். யாரையும் கூப்பிடாமல், யாருக்காகவும் காத்திருக்காமல், இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தானே ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சட்டையை எடுத்து விரித்து நாற்காலி முதுகில் போட்டுப் பார்த்தார்.

(நான் அங்கே இல்லை. இதெல்லாம் அவர் சொல்லித் தங்கை கேட்டு, தங்கை சொல்லிக் குறிப்புக்காரர் கேட்டது. நாற்காலி முதுகில் சட்டை கிடந்ததை மட்டும் குறிப்புக்காரரே பிற்பாடு பார்த்தார்.)

அப்புறம் கத்தியை மூடப் போனார். மேசை விளிம்பில் அலகின் முதுகைக் கொடுத்து, சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே அமுக்கினார். அன்றைக்குப் பார்த்துக் கத்தி மூடிக்கொண்டது.

வலது கைக் கட்டைவிரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது. தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் கட்டை அவிழ்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் பழைய பிடி வருமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. லிஃப்ட் கம்பெனியில் நான்கு நாள் பார்த்தார்கள். பிறகு அந்த நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஆறு வாரம் காத்திருக்க மாட்டார்கள்.

5

ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு நீளமான இரும்பு பெஞ்சில், அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கைப்பையிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து அண்ணன் மடியில் வைத்தாள். உள்ளே கத்தி.

“இத நீ எடுத்துட்டுப் போ. வீட்டுல வெச்சிருக்க எனக்குப் பயமா இருக்கு.”

“சரிம்மா.”

“அண்ணா, இதப் படிச்சுப் பாரேன்.” போனை நீட்டினாள். “எவனோ எழுதியிருக்கான் பாரு. திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரு கை போதுமாம். ஒரு கைன்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமா? ரெண்டு கையும் நல்லா இருக்குற எவனோ, சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டே எழுதியிருக்கான். இவரு அத நம்பிட்டாரு.”

அண்ணன் போனை வாங்கிப் படித்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

“நீ ஒண்ணு பண்ணு. அந்தக் கம்பெனிக்கு ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடு. நான் எழுதினா அழுதுகிட்டுதான் எழுதுவேன். நீதான் நல்லா எழுதுவியே. படிச்சா அவனுக்குத் தூக்கம் வரக் கூடாது அண்ணா. அப்படி எழுதணும்.”

“எழுதறேன்மா” என்றார்.

இங்கே ஒரு பொய்யை நிறுத்திக்கொள்கிறேன். குறிப்புக்காரர் நான்தான். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள், இதற்கு ஒன்றும் பெரிய மூளை தேவையில்லை. இருந்தாலும் இனியும் ‘அவர்’ என்றே எழுதப் போகிறேன். ‘நான்’ என்று போட்டால், அடுத்த வரியிலேயே எனக்காக வாதாட ஆரம்பித்துவிடுகிறேன். வேலை அப்படி, மேலாளர் அப்படி, ஒரு நாளைக்கு முப்பது என்றெல்லாம். ‘அவர்’ என்று தள்ளி நிறுத்தினால், நாலு அறை விடலாம்போல இருக்கிறது.

6

புகார்க் கடிதம், முதல் படி:

‘ஐயா, தங்கள் நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் வெளியான பொறுப்பற்ற ஒரு குறிப்பினால்’

பொறுப்பற்ற. அந்தச் சொல்லை எழுதியதும் குறிப்புக்காரர் நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் படி:

‘இதை எழுதியவர் அந்தக் கத்தியைக் கையால் தொட்டிருக்கிறாரா என்றே சந்தேகமாக’

சந்தேகம் என்ன சந்தேகம்! அடித்தார்.

மூன்றாம் படி நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. நாற்காலி முதுகில் கிடந்த புதுச் சட்டையிலிருந்து தொடங்கியது. படித்தால் கல்லும் கரையும். அதே வேகத்தில் குறிப்புக்காரர் ஒரு வாக்கியத்தில் ‘அவரது கையும் வாழ்க்கையும்’ என்று எழுதினார். வாய்விட்டுப் படித்தார். ஓசை நன்றாக இருந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார். ஒரு மனிதன் திருந்தவே மாட்டானா என்று கண்ணாடியில் கேட்டார்.

(அலுவலகத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாரா என்று கேட்பீர்கள். எடுத்தார். மறுநாளே போய், யாருக்கும் சொல்லாமல், ஏழு எழுத்தையும், முன் சொல்லின் ‘ம்’மையும் அழித்தார். ‘திறப்பதற்கு ஒரு கை போதும்’ என்று இப்போது இருக்கிறது. மொட்டையாகத்தான் இருக்கிறது.)

7

போன வியாழக்கிழமை தங்கை கடைக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் மாப்பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஆள் இல்லை. குறிப்புக்காரர் போனார்.

இரண்டு வருடம் பாடுபட்டுத் தானே சாப்பிடப் பழகிய மனிதர், குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை, கட்டுப் போட்டு, தலையணைமேல் கிடந்தது. குறிப்புக்காரர் கரண்டியால் ஊட்டினார். இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“மச்சான், கம்ப்ளைன்ட் எழுதியாச்சா?”

“எழுதிட்டே இருக்கேன் மாப்ள.”

“வேணாம். விட்டுடுங்க.”

“அவ கேக்கறாளே.”

“அவளுக்கு யாரு எழுதினதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும்.”

கரண்டி பாதி வழியில் நின்றது.

“‘சொன்ன பேச்சைக் கேட்கிற கத்தி’. வேற யாரு மச்சான் அப்படி எழுதுவா? என் ஸ்கூட்டர ஓட்டிப் பாத்துட்டு என்ன சொன்னீங்க? சொன்ன பேச்சக் கேக்குது மாப்ளன்னு சொன்னீங்க. எங்க வீட்டு மிக்சி, உங்க குடை, எல்லாத்துக்கும் இதேதான். ரெண்டாவது புத்தகத்துல மூணு எடத்துல வருது. நான் படிச்சிருக்கேன்ல.”

இரண்டாவது தொகுப்பைப் படித்த அந்த ஒரே ஒருவர் இவர்தான்.

“அப்போ, வாங்கும்போதே...”

“தெரிஞ்சுதான் வாங்கினேன். அங்க பத்துப் பன்னண்டு கத்தி இருந்துச்சு. எதுலயும் மூடறதப் பத்தி ஒரு வரி இல்ல. இதுல மட்டும் இருந்துச்சு. ஏன் இருக்குன்னு யோசிச்சேன். மச்சான் என்னை மனசுல வெச்சுத்தான் எழுதியிருக்காரு, இடது கைய மடக்கி வெச்சுக்கிட்டு, ஒரு கையாலயே தெறந்து மூடிப் பாத்திருக்காருன்னு தோணுச்சு. அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? சொந்தக்காரங்க எல்லாம் பாவம் பாவம்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்காக ஒரு வேலையச் செஞ்சு பாத்திருக்கீங்க.”

குறிப்புக்காரர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“செஞ்சு பாத்தீங்கதானே மச்சான்?”

ஒரே ஒரு சொல் போதும். ‘இல்லை.’ இதைவிடச் சின்னச் சொல் எந்த விவரத்தாளிலும் கிடையாது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தார், அன்றைக்கு முதல் தடவையாக முகத்தை நேரே பார்த்தார். குறிப்புக்காரர் சொன்னார்:

“பாத்தேன் மாப்ள.”

“உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டார். “அப்போ என் கையிலதான் தப்பு. நாலாவது நாளே அவசரப்பட்டுட்டேன். இன்னும் பத்து நாள் பழகியிருக்கணும்.” பிறகு, “அவகிட்ட நீங்கதான் எழுதினதுன்னு சொல்லிடாதீங்க. அவளுக்குன்னு இருக்குறது அண்ணன் ஒருத்தர்தான்” என்றார். வாயைத் திறந்தார். அடுத்த வாய் சோற்றுக்கு.

குறிப்புக்காரர் ஊட்டினார்.

8

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. புகார் போகிறது. கம்பெனி வருத்தம் தெரிவிக்கிறது. குறிப்புக்காரர் அதே மேசையில், இருபத்து நான்காவது பொருளாக ஒரு கத்திரிக்கோலைத் தொடாமல் தொட்டுப் பார்க்கிறார். தங்கை ‘என் அண்ணன் எழுதின லெட்டருக்கே பயந்துட்டானுங்க’ என்று கடையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். மாப்பிள்ளை சாகிறவரை தன் கையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நடக்கக்கூடிய முடிவு இதுதான். ஒரு சிரமமும் இல்லை, நான் சும்மா இருந்தாலே போதும்.

இரண்டாம் முடிவு. அண்ணன் தங்கையிடம் சொல்லிவிடுகிறார். அவள் அழுகிறாள், அடிக்கிறாள், கடைசியில் அண்ணன் தோளில் சாய்ந்து, ‘நீ என்ன, வேணும்னேவா செஞ்ச?’ என்கிறாள். இதை எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பக்கம், ஒரு அடித்தல் இல்லை. அதனாலேயே கிழித்துப் போட்டேன். என் பேனா தடங்கலில்லாமல் போனால் நான் பார்க்காததை எழுதுகிறேன் என்று அர்த்தம்.

மூன்றாம் முடிவு. அண்ணன் சொல்கிறார். அவள் ஒன்றுமே பேசாமல் எழுந்து போகிறாள். அதற்குப் பிறகு அவர்கள்

இதை முடிக்க என்னால் முடியவில்லை. பயமாக இருக்கிறது, வேறு காரணம் இல்லை.

9

இன்று மூன்று மணிக்கு அவள் கடிதத்தை வாங்க வருகிறாள். பெல் அடித்துவிட்டது.

உள்ளே வா, தங்கச்சி. உட்கார். கடிதம் தயாராக இல்லை, அதற்குப் பதிலாக இந்தத் தாள்களைக் கொடுக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து ‘நீங்கள்’, ‘நீங்கள்’ என்று நான் யாரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். கேள்வி கேட்கிற ஆள் வேண்டும் என்றேனே, அது நீதான். உன்னை நேரே ‘நீ’ என்று கூப்பிட எட்டுப் பகுதி தேவைப்பட்டது எனக்கு.

உன்னிடம் சொல்லாதே என்று உன் புருஷன் கேட்டுக்கொண்டதை மீறுகிறேன். அவர் உனக்கு அண்ணன் வேண்டும் என்று நினைத்தார். எனக்கும் அந்த ஆசை உண்டு, அதனால்தான் இத்தனை நாள் இழுத்தேன்.

இந்தத் தாள்களுக்கு அடியில் கம்பெனியின் புகார்ப் படிவம் இருக்கிறது. பொருளின் பெயர், வாங்கிய தேதி, காயத்தின் விவரம், வேலை போன விவரம், எல்லாம் நிரப்பிவிட்டேன். ஒரு சொல்லைக்கூட ஓசைக்காகப் போடவில்லை, படித்துப் பார், மொட்டை மொட்டையாக இருக்கும். ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்: ‘குறிப்பை எழுதியவர் பெயர், தெரிந்தால்’. நிரப்புவதும், காலியாகவே அனுப்புவதும், படிவத்தையே கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நான் பக்கத்து அறையில் இருக்கிறேன். நீ கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாமல் போனால், போனாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதைச் செய்வதாக இருந்தாலும், அதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் அவரிடம் ஒன்று சொல். நான் எதையும் செய்து பார்க்கவில்லை, அந்தக் கத்தியை ஒரு கையால் யாராலும் பத்திரமாக மூட முடியாது, தப்பு அவர் கையில் இல்லை என்று சொல். நேற்று நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. “எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பொய் சொல்றீங்க மச்சான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.